மஞ்சள் பலகையும் முப்பது யூரோவும்

வெளிநாடு சென்று திரும்பிய குருக்கள் எழுதும் பயணக் கட்டுரை என்றால், அது புனித இராயப்பர் பேராலயத்தின் குவிமாடத்தில் தொடங்கி லூர்து கெபியில் முடியும் என்று வாசக அன்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அவற்றைப் பற்றி எழுத என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர்; எழுதியும் உள்ளனர். எனக்கோ அந்நாடுகளை நினைக்குந்தோறும் முதலில் கண்முன் வருபவை சாலைகளே. அச்சாலைகளில் வாகனங்கள் ஓடும் விதமும், ஓரத்தில் நின்று அவற்றை நிறுத்திச் சோதிக்கும் காவலரின் போக்கும் ஒரு மக்களினத்தைப் பற்றிச் சொல்லும் செய்திகளை அருங்காட்சியகங்கள் கூடச் சொல்வதில்லை. அத்துடன், சாலையைப் பற்றி எழுத எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மேற்படிப்புக்காக நான் உரோமை நகர் சென்றது 1999ஆம் ஆண்டில். சென்ற மறுநாளே, கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு சாலையைக் கடக்க முடியாமல் கால் மணி நேரம் நின்றுவிட்டேன். தரையில் வெள்ளைப் பட்டைகள் பளிச்சென்று இருந்தன; ஆனால் அவற்றை ஒருவரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. எனக்கு முன்பே அங்குப் படித்துக்கொண்டிருந்த மலையாளக் குரு ஒருவர் என் நிலை கண்டு இரங்கி, கையைப் பிடித்து நடத்திச் சென்றார். "ஓட்டுகிறவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே நட. தயங்கினால் அவன் நிற்கமாட்டான். ஓடினால் இடித்துவிடுவான்" என்பது அவர் உபதேசம். மூன்று ஆண்டுகள் அந்த உபதேசத்தைக் கடைப்பிடித்தே உயிர் பிழைத்தேன்.

உரோமையர் சட்டத்தை மதிப்பதைவிட மனிதரை மதிப்பவர்கள். நகரின் நடுவே வெனேசியா சதுக்கத்தில் ஒரு சிறு மேடை மீது நின்று, வெள்ளைக் கையுறை அணிந்து, இசைக் குழுவை நடத்துபவர் போலக் கைகளை வீசிப் போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் காவலர் அந்நகரின் காட்சிகளுள் ஒன்றாகவே புகழ் பெற்றவர். 1950களிலும் 60களிலும் மூவரசர் திருநாளன்று, வாகன ஓட்டிகள் இத்தகைய காவலர் நிற்கும் மேடையைச் சுற்றிக் கேக்குகளையும் திராட்சை இரச புட்டிகளையும் காணிக்கைபோல் அடுக்கி வைத்துச் செல்லும் வழக்கம் இருந்ததாம். பழைய புகைப்படங்களில் பரிசுக் குவியலுக்கு நடுவே காவலர் சிலை போல் நிற்கிறார். அன்பா, முன்னேற்பாடா என்று கேட்டால், இரண்டும் கலந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

யூபிலி ஆண்டான 2000இல் ஒரு மாற்றத்தை நேரில் கண்டேன். அதுவரை இத்தாலியில் வயது வந்தோர் சிறு மொபெட் வண்டிகளைத் தலைக்கவசம் இன்றி ஓட்டலாம். அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் எல்லாருக்கும் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. உரோமைப் பெண்கள் தம் கூந்தல் ஒப்பனை கலைவதற்கு ஒருபோதும் ஒப்பமாட்டார்கள் என்றே நாங்கள் விடுதியில் பேசிக்கொண்டோம். ஆனால் காவலர் முனைக்கு முனை நின்றனர், நிறுத்தினர், அபராதச் சீட்டு எழுதினர். பாஸ்கு காலம் முடிவதற்குள் நகரின் தலைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. தெற்கே போகப் போகக் கதை வேறு என்பார்கள். நான் பார்த்தது உரோமையை மட்டுமே.

அதே ஆண்டில் இத்தாலியக் குரு ஒருவருடன் அசிசிக்குக் காரில் சென்றேன். வழியில் ஒரு வளைவில் காவலர் இருவர். ஒருவர், கைப்பிடியுள்ள சிறு வட்டத் தகடு ஒன்றை நீட்டினார். நிறுத்து என்பது அதன் பொருள். மற்றவர் சற்றுத் தள்ளி, இயந்திரத் துப்பாக்கியைத் தாங்கியவாறு நின்றார். எனக்கு நா வறண்டது. என் நண்பரோ உரிமத்தை விடுதியிலேயே மறந்து வந்திருந்தார். ஆயினும் அவர் கலங்கவில்லை. கழுத்துப் பட்டையைச் சரி செய்துகொண்டு இறங்கினார். அசிசியில் காத்திருக்கும் திருப்பலி, முதிய தாயாரின் நோய், இந்திய விருந்தினரின் பக்தி என்று பத்து நிமிடங்கள் பேசினார். முடிவில் காவலர் தொப்பியைத் தொட்டு, தம் குழந்தைகளுக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்டு வழியனுப்பினார். நம் ஊர் போலவே இருக்கிறதே என்று என் மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு மாதம் தங்க நேர்ந்தது. அந்நாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டுகிறார்கள், நம்மைப் போல் ஒலியெழுப்புவதில்லை, அவ்வளவே. ஆனால் அவர்கள் சட்டத்தில் ஒன்று என்னைக் கவர்ந்தது. சாலையில் எந்த வாகனத்தையும் நிறுத்தக் காவலருக்கு உரிமை உண்டு. எனினும் ஓட்டுபவர் உரிமத்தைக் கையோடு வைத்திருக்கத் தேவையில்லை. கேட்கப்பட்டால் ஏழு நாட்களுக்குள் ஒரு காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டினால் போதும். மது அருந்தியுள்ளாரா என்று மூச்சைச் சோதிப்பதற்கும், அவர் குடித்திருக்கிறார் என்ற நியாயமான ஐயமோ, அவர் செய்த சாலைக் குற்றமோ, ஒரு விபத்தோ காரணமாக இருத்தல் வேண்டும். இம்மூச்சுச் சோதனை அந்நாட்டில் 1967இல் வந்தது. ஆஸ்திரேலியாவிலோ நேர்மாறு. என் தங்கையின் மகன் சிட்னியில் வாழ்கிறான். அம்மாநிலத்தில் 1982 டிசம்பர் முதல், ஐயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காவலர் சாலையை மறித்து வரும் வண்டிகளை நிறுத்தி மூச்சைச் சோதிக்கலாம். "மாமா, எங்களைச் சந்தேகப்பட்டுத்தான் ஊதச் சொல்கிறார்கள் என்று யாருக்கும் கோபம் வருவதில்லை. முன்னால் நிற்கிற டாக்டரும் ஊதுகிறார், பின்னால் நிற்கிற நீதிபதியும் ஊதுகிறார்" என்றான். எல்லாரையும் சோதிக்கும் இடத்தில் எவருக்கும் அவமானமில்லை என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது.

இனி ஜெர்மனி. அந்நாட்டுப் பங்குக் குருக்கள் ஆகஸ்டு மாதத்தில் விடுமுறைக்குச் செல்லும்போது அவர்கள் இடத்தில் பணியாற்ற நம் நாட்டுக் குருக்கள் பலர் செல்வது வாசகர்கள் அறிந்ததே. 2022ஆம் ஆண்டில் பவேரியா நாட்டுப்புறத்தில் மூன்று சிற்றூர்களை உள்ளடக்கிய ஒரு பங்கில் நான் இவ்விதம் ஒரு மாதம் இருந்தேன். பங்கின் கார் என் பொறுப்பில் விடப்பட்டது. நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்ற பன்னாட்டு அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. வலப்புறம் ஓட்டிப் பழகும் வரை, முதல் மூன்று நாட்கள் செபமாலையும் கையுமாகவே இருந்தேன்.

ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் வேக வரம்பே இல்லை என்று நம்மவர் வியந்து பேசுவதுண்டு. அது பாதி உண்மை. பல பகுதிகளில் வரம்பில்லை. 1978 முதல் 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரையாக மட்டும் உள்ளது. ஆனால் வேகத்தைவிட அங்கு வியக்கத்தக்கது வேறு. முந்துவதற்கு இடப்புறம் செல்பவர் முந்தியவுடன் வலப்புறம் திரும்பிவிடுகிறார். வலப்புறமாக முந்துதல் குற்றம். பெட்ரோல் தீர்ந்து நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் அதற்கும் அபராதம் விதிக்க இடமுண்டு. பெட்ரோல் தீரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஊருக்குள் பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முதல் வழி. அவர் மிதிவண்டியில் கறிகாய்க் கூடையோடு வரும் மூதாட்டியாக இருந்தாலும், இப்புறம் பெரிய லாரி காத்து நிற்கிறது. நம் சந்திப்புகளில் யாருக்கு முதல் வழி என்பதை வண்டியின் பருமன் முடிவு செய்வதை எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் மூனிக் செல்லும் நெடுஞ்சாலையில் நெரிசலில் சிக்கினோம். வண்டிகள் ஊர்ந்து நிற்கத் தொடங்கிய அக்கணமே, இடக்கோடி வரிசையில் இருந்தவை இடப்புறமாகவும், மற்றவை வலப்புறமாகவும் ஒதுங்கின. நடுவில் ஒரு பாதை திறந்தது. சங்கொலி எதுவும் கேட்கவில்லை. எந்தக் காவலரும் இல்லை. என்ன நடந்தது என்று அருகிலிருந்தவரைக் கேட்டேன். "முன்னால் யாருக்காவது அடிபட்டிருக்கலாம். ஆம்புலன்சு வரும்" என்றார். சில நிமிடங்களில் வந்தது, தடையின்றிப் போயிற்று. வந்த பிறகு வழி விடுவது பெரிதன்று. வருமுன்பே வழி விட்டுக் காத்திருந்தார்களே, அதை நான் மறப்பதற்கில்லை. இப்படி ஒதுங்கத் தவறினால் 200 யூரோவுக்குக் குறையாத அபராதம் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். அறிந்த பின் வியப்பு சற்றுக் குறைந்தது, மதிப்புக் குறையவில்லை.

இப்போது என் சொந்தக் கதை. ஒரு ஞாயிறு காலை எட்டரை மணித் திருப்பலி ஓர் ஊரில். பத்து மணித் திருப்பலி மற்றோர் ஊரில். முதல் பூசைக்குப் பின் மக்கள் அன்போடு பேசிக்கொண்டிருந்ததால் புறப்படத் தாமதமாயிற்று. வயல்களுக்கு நடுவே நல்ல சாலை, விரைந்து ஓட்டினேன். ஊர் எல்லையில், கறுப்பு எழுத்துகளில் ஊரின் பெயர் எழுதிய மஞ்சள் பலகை ஒன்று நின்றது. ஊர்ப் பெயர்தானே என்று கடந்தேன். அந்த மஞ்சள் பலகையே வேக வரம்பு என்பதை அறியாமலில்லை. அங்கிருந்து 50 கிலோமீட்டர் என்று எவரும் தனியே எழுதி வைப்பதில்லை. அறிந்ததை அக்கணம் நினைக்கவில்லை, அவ்வளவே. இருநூறு அடிக்கு அப்பால் காவலர் ஒருவர் சாலையோரம் வந்து கையிலிருந்த தகட்டை உயர்த்தினார்.

அவர் முதலில் சொன்னது, "க்ரூஸ் காட்". கடவுள் உம்மை வாழ்த்துவாராக என்பது அதன் கருத்து. பவேரியாவில் கடைக்காரரும் காவலரும் எல்லாரும் சொல்லும் முகமன் அதுவே. என் கழுத்துப் பட்டையைப் பார்த்தார். "வணக்கம், பங்குக் குருவே" என்றார். உரிமம், வண்டியின் பதிவுச் சான்று இரண்டையும் கேட்டு வாங்கினார். பிறகு, எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேலங்கி ஆகிய மூன்றையும் காட்டச் சொன்னார். இம்மூன்றும் இல்லாமல் அந்நாட்டில் கார் ஓட்டலாகாது. அவை எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை; பின்பெட்டியில் அவரே தேடி எடுத்துக் காட்டி, "அடுத்த முறைக்கு உதவும்" என்றார். கருவி 59 காட்டியது. பிழைக்கென 3 கழித்து 56. அபராதம் 30 யூரோ.

எனக்குத் திருப்பலிக்கு நேரமாகிறது என்றேன். அது எவ்வளவு இயல்பாக என் வாயிலிருந்து வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அசிசிச் சாலையில் என் நண்பர் பேசிய அதே பேச்சு. காவலர் முகம் கடுக்கவில்லை. "அப்படியானால் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட வேண்டும், பங்குக் குருவே. இந்த ஊரில் ஞாயிறு பத்து மணிக்குக் குழந்தைகள் கோவிலுக்கு நடந்து வருவார்கள்" என்றார். அவர்கள் நடந்து வருவது என் திருப்பலிக்குத்தான். நான் பணம் கொடுத்தேன். ஏறக்குறைய 2,400 ரூபாய். அவர் ரசீது எழுதிக் கொடுத்து, மீண்டும் கடவுளின் பெயரால் வாழ்த்தி அனுப்பினார்.

அன்று மாலை அக்கோவில் பிள்ளையிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். எழுபத்தைந்தைக் கடந்தவர் அவர். சிரிக்கவில்லை. "எங்களைப் பற்றி நீங்கள் நினைப்பது தவறு, சாமி. நாங்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் அல்ல" என்றார். அவர் கூறியதைப் பின்னர் சரிபார்த்தேன்; உண்மையே. 1970ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் 19,000க்கு மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். 2022இல், இரு ஜெர்மனிகளும் ஒன்றாகி வண்டிகள் பன்மடங்கு பெருகிய பின்னும், அத்தொகை 3,000க்கும் குறைவு. இடையில் நிகழ்ந்தது என்ன? 1972இல் ஊர்ப்புறச் சாலைகளுக்கு 100 கிலோமீட்டர் வரம்பு; 1973இல் மதுவுக்குக் கடுமையான அளவு; 1976இல் இருக்கைப் பட்டை கட்டாயம். அந்தப் பட்டை விஷயம் வேடிக்கையானது. சட்டம் வந்தது, அபராதம் வரவில்லை. ஒழுங்குக்குப் பெயர் போன ஜெர்மானியருள் பலர் பட்டையை இருக்கைக்குக் கீழேயே விட்டு வைத்தனர். 1984இல் 40 மார்க் அபராதம் என்றவுடன்தான் அது தோளின் மேல் ஏறிற்று.

மறுநாள் அவர் என்னை ஊருக்கு வெளியே ஒரு வளைவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கல்லில் செய்த சிறு சிலுவை. அடியில் ஒரு பெயர், 1969 என்ற ஆண்டு. அவருடைய அண்ணன். பவேரியச் சாலைகளில் இத்தகைய சிலுவைகள் எங்கும் உண்டு. அவற்றைப் பக்திச் சின்னங்கள் என்றே எண்ணி நான் கடந்து வந்திருந்தேன். "அன்று இரவு மதுக்கடை வாசலில் ஊர்க் காவலர் இவனைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வேண்டியவர். 'மெதுவாகப் போ' என்று தோளில் தட்டி அனுப்பினார். நல்ல மனிதர். கடைசி வரை எங்கள் முகத்தைப் பார்க்கவே அவரால் முடியவில்லை" என்றார் கோவில் பிள்ளை.

நான் ஒன்றும் பேசவில்லை. என் மனத்தில் 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்து மாலை ஒன்று வந்து நின்றது.

அன்று என் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் அறைவீட்டுக்கு ஓடி வந்தார். பத்தொன்பது வயது மகன், நம் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன், புறவழிச் சாலைச் சோதனையில் அகப்பட்டுக்கொண்டான். தலைக்கவசம் இல்லை, ஓட்டுநர் உரிமமும் இல்லை. வண்டி காவல் நிலையத்தில். "சாமி, ஒரு போன் போட்டீங்கன்னா போதும்" என்றார். அந்நாளைய கணக்கில் உரிமத்துக்கு 500, தலைக்கவசத்துக்கு 100, ஆக 600 ரூபாய். அவருடைய ஒருநாள் கூலிக்குச் சற்று மிகுதி. நான் போன் போட்டேன். சப் இன்ஸ்பெக்டர் மரியாதை தெரிந்தவர். "பாதர் சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன" என்றார். இரவு எட்டு மணிக்கு வண்டி வீடு வந்தது. ஏழைக்கு உதவினோம் என்ற நிறைவோடு நான் உறங்கினேன்.

செப்டம்பரில், ஆரோக்கிய அன்னை திருநாளுக்கு மறுநாள் இரவு, அதே வண்டியில் வந்த அவன், விளக்கில்லாமல் நின்ற லாரி ஒன்றின் பின்புறத்தில் மோதினான். கையில் சிராய்ப்புகூட இல்லை. தலையில் மட்டும் காயம். அடக்கப் பூசை முடிந்து கல்லறையிலிருந்து திரும்புகையில் தந்தை என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "எங்க புள்ளைக்காக அன்னைக்குப் போன் போட்டீங்களே சாமி, அதை மறக்க மாட்டோம்" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. மனமார நன்றி சொன்னார்.

உரோமையில் குடிபெயர்ந்தோர், பயணிகள் பணிக்கான திருப்பீட அவை 2007ஆம் ஆண்டு ஜூனில் சாலைப் பயணிகளுக்கான மேய்ப்புப் பணி பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. வாகன ஓட்டிகளுக்குப் பத்துக் கட்டளைகள் என்று பத்திரிகைகள் அதைக் கேலியும் செய்தன. கொலை செய்யாதே என்பதே அவற்றுள் முதலாவது. தகுந்த நிலையில் இல்லாதபோது வாகனம் ஓட்டாதிருக்குமாறு இளைஞரை அன்போடு இணங்கச் செய்வதும் அவற்றுள் ஒன்று. அதை நான் வெளிவந்தபோதே படித்து, இளையோர் கூட்டத்தில் விளக்கியும் இருந்தேன்.

நம் சட்டம் இளகியதென்று சொல்வதற்கில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மதுவின் அளவு 30 மில்லிகிராமைத் தாண்டினால் இங்குக் குற்றம். ஜெர்மனியில் 50, இங்கிலாந்தில் 80. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தலைக்கவசம் இல்லையேல் 1,000 ரூபாய். ஆயினும் மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களுள் தலைக்கவசம் அணியாததால் இறந்தோர் 50,029 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம். சோதனைச் சாவடிகளில் பணம் கைமாறுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். கைமாறாமலே காரியம் முடிக்கும் போன்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வட்டச் செயலாளர் போடுகிறார், வக்கீல் போடுகிறார், தலைமையாசிரியர் போடுகிறார், நானும் போட்டேன். எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் போடுகிறோம்.

ஜெர்மனியிலிருந்து திரும்பிய பின், சிபாரிசுக்காக எவரும் வர வேண்டாம் என்று கோவிலில் அறிவித்தேன். வருகிறார்கள்தான். சென்ற மாதம் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர், மகனின் வண்டி பிடிபட்டதென்று வந்தார். போன் போடவில்லை. என் காரிலேயே அவரை ஏற்றிக்கொண்டு காவல் நிலையம் சென்று, அவர் 1,000 ரூபாய் கட்டி ரசீது வாங்கும்வரை பக்கத்தில் நின்றேன். திரும்பும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் பூசை முடிந்ததும் பக்கவாசல் வழியாகப் போய்விட்டார்.

மகன் இப்போது தலைக்கவசம் வாங்கியிருக்கிறான். அதைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வருகிறான் என்றும், காவலர் நிற்கும் முனைக்கு நூறடி முன்னால்தான் தலையில் ஏற்றுகிறான் என்றும் உபதேசியார் சொல்கிறார்.